வீட்டுலயே பழகு கம்பு செய்றது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயித்துக்கெழம சாயந்தரம் பினாங்கு யூத் பார்க்ல நாங்க கொஞ்ச பேரு கம்பு சுத்துவோம். ஓட வந்தவங்க, பிள்ளைய கூட்டிட்டு வந்தவங்க எல்லாம் நின்னு பாத்துட்டு கிட்ட வந்து பேசுவாங்க, அப்பறம் நம்பர் வாங்கிட்டு போயி ராத்திரி மெசேஜ் பண்ணுவாங்க. தைப்பூசம் முடிஞ்ச வாரத்துல இன்னும் அதிகம், தண்ணீர்மலைப் பக்கம் சிலம்பம் சுத்தற பிள்ளைங்கள பாத்துட்டு ஆசை வந்துடும். எல்லாரும் கேக்கறது சுத்திச் சுத்தி அதே சந்தேகங்கதான், அதனால ஒரே எடத்துல எழுதி வெச்சிட்டேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியேதான் போட்டிருக்கேன்.

அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியாது, கம்பு கடையில வாங்கணுமா இல்ல வீட்டுலயே செஞ்சிக்கலாமா?

செஞ்சிக்குங்க. முதல் ரெண்டு மாசம் கம்பு கையில இருக்கறத விட தரையில விழறதுதான் அதிகமா இருக்கும், சிமெண்டுல விழும், சுவத்துல இடிக்கும், கால்வாய்ல கூட விழும். காசு குடுத்து வாங்குன கம்புன்னா கீறல் விழுந்துடுமோன்னு பயந்துகிட்டே சுத்துவீங்க, அந்தப் பயத்துல கை இறுகிடும், இறுகுன கையில கம்பு சுத்தாது.

இன்னொரு காரணம் எனக்கு ரொம்ப முக்கியம். கடையில ஒரே அளவுலதான் வெச்சிருப்பாங்க, உங்க உயரம் அவங்களுக்கு தெரியாது. வீட்டுல செஞ்சா உங்க உடம்புக்கு அளந்து வெட்டுவீங்க. வேணும்ங்கறது ஒரு கம்பு, ஒரு சின்ன ரம்பம், உப்புத்தாள், ரெண்டு பழைய டென்னிஸ் பந்து, ஒரு பேட்மிண்டன் கிரிப், கறுப்பு வயர் டேப். ஒரு சாயந்தரம் போதும்.

இது சிலம்பம்தானே? ஏன் கம்பு சுத்தறதுன்னு மட்டும் சொல்றீங்க?

ரெண்டுக்கும் கம்புதான், ஆனா ஒண்ணு இல்ல. சிலம்பம் தற்காப்புக் கலை, அதுக்கு சுவடுன்னு கால் வைக்கற முறை இருக்கு, வரிசைன்னு அடுத்தடுத்து பண்ற அடிமுறை இருக்கு, சொல்லிக் குடுக்க ஆசான் வேணும். சிலம்பக் கம்பு வழக்கமா நெத்தி உயரத்துக்கு இருக்கும், அஞ்சரை அடி பக்கம் வரும், நிறைய சுத்துகள்ல ஒரு முனைப் பக்கமாத்தான் பிடிப்பாங்க. நாங்க பார்க்ல பண்றது நடுவுல பிடிச்சு சுத்தற விளையாட்டு, எட்டு போடறது, கை மாத்தறது, முதுகுக்குப் பின்னாடி வாங்கறது, அந்த மாதிரி. அதுக்கு கம்பு குட்டையாவும், நடுவுக்கு ரெண்டு பக்கமும் எடை சமமாவும் இருக்கணும்.

சிலம்பம் கத்துக்க ஆசைன்னா ஆசான்கிட்ட போங்க, அவரு சொல்ற கம்ப வாங்குங்க. இங்க நான் சொல்றத வெச்சு அவருகிட்ட போயி வாதம் பண்ணாதீங்க.

எவ்ளோ நீளம் வெட்டணும்? ஒருத்தரு தாடை உயரம்ங்கறாரு, இன்னொருத்தரு தலை உயரம்ங்கறாரு, கொழப்பமா இருக்கு.

ரெண்டு பேரு சொல்றதும் சரிதான், அவங்கவங்க பண்ற வித்தைக்கு. முதல் கம்புக்கு நான் சொல்றது அக்குள் உயரம். சப்பாத்து போட்டு நேரா நின்னு, தரையில இருந்து அக்குள் வரைக்கும் அளங்க, அதுதான் அளவு. என் உயரம் 165 செண்டி, என் கம்பு 128 செண்டி.

வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ சோதிச்சுப் பாத்துக்குங்க. கைய சும்மா தொங்கப் போட்டுட்டு, கம்புல குறிச்ச அளவுக்கு நடுவுல பிடிச்சு, மிச்ச நீளம் மேல இருக்கற மாதிரி செங்குத்தா நிறுத்துங்க. கீழ் முனைக்கும் தரைக்கும் நடுவுல நாலு விரல் போற அளவு எடம் இருக்கணும். தரையத் தொட்டுச்சுன்னா பக்கவாட்டுல சுத்தறப்ப ஒவ்வொரு சுத்துக்கும் டக்கு டக்குன்னு அடிக்கும், நீங்க அதுக்கு பயந்து தோள தூக்கிகிட்டே சுத்துவீங்க, அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா அப்பறம் விடறது கஷ்டம். தாடை உயரக் கம்பு இந்தச் சோதனைல பெரும்பாலும் தேறாது, அதனாலதான் அத ரெண்டாவது கம்பா வெச்சுக்கச் சொல்றேன். சந்தேகம்னா மொதல்ல ரெண்டு விரல் நீளமாவே வெட்டுங்க, அப்பறமா கொறைச்சுக்கலாம், ஒட்ட வைக்க முடியாது.

எந்த சாமான்ல செய்றது? ஹார்டுவேர் கடைல போயி என்னன்னு கேக்கறது?

மூணு இருக்கு: மரம், அலுமினியம் பைப், பிவிசி பைப். என் முதல் சிபாரிசு மரம். உருண்டையா வழவழன்னு கடைஞ்ச கட்டையா கேளுங்க, 22 மில்லிமீட்டர்ல இருந்து 25 மில்லி வரைக்கும் மொத்தம், அதாவது தடிமன். நம்ம ஊர்ல நிறைய கம்பு ரப்பர் மரத்துல வரும், நம்ம பாட்டிங்க பால் வெட்டுன அதே மரம்தான், பால் நின்ன பிறகு வெட்டி இதெல்லாம் செய்றாங்க. 128 செண்டி நீளத்துக்கு 22 மில்லி கம்பு ஏறக்குறைய 290 கிராம் வரும், 25 மில்லின்னா 380 பக்கம் போகும். சுத்தறதுக்கு நல்ல எடை. சுத்தறப்ப வளையாது, கையில சூடு ஏறாது, கீறினா தேய்ச்சுக்கலாம்.

கடையில கட்டைய எடுத்ததும் ரெண்டு காரியம் பண்ணுங்க. ஒரு முனைய கண்ணுகிட்ட வெச்சு, ஒரு கண்ண மூடிகிட்டு நீளவாக்குல பாருங்க, வளைவு உடனே தெரியும். அப்பறம் தரை ஓட்டுல வெச்சு மெதுவா உருட்டுங்க. நேரான கட்டை சத்தம் இல்லாம ஓடும், வளைஞ்ச கட்டை தடக் தடக்னு குதிக்கும். கடைக்காரரு பாத்தா பாக்கட்டும், நான் பத்து கட்டைய உருட்டி ஒண்ண எடுத்துட்டு வந்திருக்கேன். வளைஞ்ச கட்டைய வீட்டுக்குக் கொண்டு போயி நிமுத்திக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க.

அலுமினியம்னா 19 மில்லி பைப், சுவர் 1.2 மில்லி மொத்தம், அதே நீளத்துக்கு 230 கிராம் பக்கம் வரும். லேசு, நேரா இருக்கும், ஆனா விழுந்தா நசுங்கும், வெறும் கையில பிடிச்சா உள்ளங்கை சாம்பலா கறுத்துடும், வெட்டுன விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், அத அரம் வெச்சு தேய்க்காம விடவே கூடாது. வளைஞ்சா ஒரு தடவ நிமுத்தலாம், திரும்பத் திரும்ப நிமுத்தினா அந்த எடத்துலயே ஒடையும்.

பிவிசி பைப் மட்டும்தான் கெடச்சது, அது போதுமா?

போதும், பழக ஆரம்பிக்கறதுக்கு. அரை இன்ச் தண்ணி பைப் வெளிய அளந்தா 21 மில்லிக்கு மேல இருக்கும், பிடிக்க சரியா இருக்கும். முக்கால் இன்ச்னா 27 மில்லி கிட்ட வரும், கட்டை விரலும் நடு விரலும் சுத்தி வந்து தொடலன்னா உங்களுக்கு அது ரொம்ப மொத்தம். நீளப் பைப் 19 அடி, 5.8 மீட்டர், அதனால நாலு பேரு சேந்து ஒண்ணு வாங்கினா ஆளுக்கு ஒரு கம்பு கெடைக்கும், வெட்டிக் குடுங்கன்னு கேட்டா கடையிலயே வெட்டிக் குடுத்துடுவாங்க. மிச்சத் துண்ட தூக்கிப் போடாதீங்க, ரம்பம் பழகறதுக்கும் டேப் சுத்திப் பாக்கறதுக்கும் ஆகும்.

பைப் கொழகொழன்னு ஆடுது அக்கா, சுத்தறப்ப முனை பின்னாடி இழுக்குது. என்ன பண்றது?

அதுதான் பிவிசியோட குறை. நீங்க கைய நிறுத்தின பிறகும் முனை ஆடிகிட்டு இருக்கும், அதனால கை எப்ப என்ன செஞ்சுச்சுன்னு உங்களுக்கே தெரியாமப் போயிடும். பைப்புக்குள்ள இறுக்கமா போற மாதிரி ஒரு மரக் குச்சிய முழு நீளத்துக்கும் சொருகிடுங்க. லூசா இருந்தா குச்சில அங்கங்க டேப் சுத்தி தட்டித் தட்டி உள்ள ஏத்துங்க. உள்ள கடகடன்னு சத்தம் வரக்கூடாது. வெயிட் கூடும், அது நல்லதுதான், ஏன்னு கீழ வெயிட் பத்தின கேள்வில சொல்றேன்.

வீட்டுல பழைய மொப் கம்பு இருக்கு, அதையே வெட்டிக்கலாமா?

முழு மரக் கம்புன்னா தாராளமா. வெறும் தகரத்துல பிளாஸ்டிக் ஒட்டுன மெல்லிசுக் கம்புன்னா வேணாம், அது மடங்கும்.

நீட்டிச் சுருக்கற மாதிரி கம்பு மட்டும் தொடவே தொடாதீங்க, இத கொஞ்சம் கோவமாவே சொல்றேன். நான் ஆரம்பிச்சது அதுலதான். மூணாவது நாள் சுத்திகிட்டு இருக்கறப்ப பூட்டு லூசாகி மேல் பாதி கழண்டு பறந்துடுச்சு, பக்கத்து வீட்டு அம்மாவோட துளசிச் சட்டில போயி அடிச்சு சட்டி ரெண்டா ஒடஞ்சுது. அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி அவங்க பேத்தி அந்தச் சட்டிக்குப் பக்கத்துல ஒக்காந்து வெளையாடிகிட்டு இருந்தா. அந்த அம்மா என்னைய ஒரு வார்த்த திட்டல, ஆனா எனக்கு அன்னிக்கி ராத்திரி தூக்கம் இல்ல. ஒட்டு, திருகு, பூட்டு, எதுவுமே இல்லாத ஒரே துண்டுக் கம்பு, அதுலதான் சுத்தணும்.

எங்க கம்போங்ல மூங்கில் நிறைய இருக்கு, வெட்டிட்டு வந்தா செலவே இல்ல. சரிதானே?

பச்சை மூங்கில வெட்டி மறுநாளே சுத்தினீங்கன்னா காய காய வெடிக்கும். மூங்கில் ஒடைஞ்சா குறுக்க ஒடையாது, நீளவாக்குல பிளக்கும், பிளந்த சிம்பு கண்ணாடி மாதிரி கையக் கிழிக்கும். லெமாங் (மூங்கிலுக்குள்ள வேக வைக்கற பசையரிசிச் சோறு) செய்ற மூங்கில் இன்னும் மோசம், உள்ள பெரிய ஓட்டை, சுவர் மெல்லிசு. மூங்கிலுக்கு பலம் இல்லன்னு சொல்ல வரல, நம்ம பினாங்குல சிங்காய் ஊர்வலத்துல அவ்ளோ பெரிய கொடியத் தாங்கறதே மூங்கில் கம்பம்தான். எந்த மூங்கில், எப்ப வெட்டறது, எவ்ளோ நாள் நெழல்ல காய வைக்கறதுன்னு தெரிஞ்சவங்க வீட்டுல இருந்தா அவங்க சொல்றபடி செய்ங்க, இல்லன்னா விட்டுடுங்க.

அப்போ பிரம்பு? சிலம்பத்துக்கு அதானே பாவிக்கறாங்க?

பிரம்பு ரொம்ப நல்லது. மூங்கில் மாதிரி உள்ள ஓட்டை கிடையாது, முழுசா நார், அதனால அடி வாங்கினா பிளக்காம முனை பிரிஞ்சு பூ மாதிரி ஆகும், அவ்ளோதான். நம்ம நாட்டு ரோத்தான் மானாவ்ங்கற பிரம்பு நாற்காலி செய்ற அளவுக்கு மொத்தமா வளர்ற சாதி, பிரம்பு நாற்காலி செய்றவங்ககிட்ட கேட்டா துண்டு கெடைக்கலாம். பள்ளிக்கூடத்துல அடிக்கற ரோத்தான் ஞாபகம் வந்து பயப்பட வேணாம், இது அத விட பல மடங்கு மொத்தம்.

ஒரு முனை மொத்தமா இன்னொரு முனை மெல்லிசா இருக்கும், கணுவும் இருக்கும். அதனால நீளத்த ரெண்டா மடிச்சு நடுவுன்னு குறிக்கக் கூடாது, அடுத்த கேள்வில சொல்ற மாதிரி தேடணும். கணுவ உப்புத்தாள்ல சமமாக்கி, மாசம் ஒரு தடவ எண்ணெய் துணில தேய்ச்சு வைங்க. பிரம்போ ரப்பர் மரமோ, எண்ணெய் காட்டாம மூலைல போட்டா உளுத்துப் போகும், கம்புக்குக் கீழ மாவு மாதிரி கொட்டிக் கெடந்தா பூச்சி உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்.

நடுவு எதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது? டேப் வெச்சு அளந்துட்டேன், ஆனா ஒரு பக்கம் சாயுது.

அளவுல இருக்கற நடுவு வேற, எடைல இருக்கற நடுவு வேற. நமக்கு வேணும்ங்கறது எடையோட நடுவு. ரெண்டு ஆள்காட்டி விரலையும் நீட்டி, ரெண்டு முனைக்கும் கிட்ட வெச்சு கம்ப அது மேல படுக்க வைங்க. இப்ப ரெண்டு விரலையும் மெதுவா ஒண்ண நோக்கி ஒண்ணு நகத்துங்க. எந்த விரல்ல பாரம் அதிகமோ அது ஒட்டிக்கிட்டு நிக்கும், இன்னொண்ணு வழுக்கி வரும், கொஞ்சம் வந்ததும் பாரம் மாறி இது நிக்கும் அது வழுக்கும், இப்படியே மாறி மாறி வந்து ரெண்டும் சந்திக்கற எடம்தான் நடுவு. எத்தன தடவ பண்ணினாலும் அதே எடத்துலதான் வந்து நிக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு இத காட்டினா கம்பே வேணாம், இதையே நாள் பூரா பண்ணிகிட்டு இருப்பாங்க.

அந்த எடத்துல மெல்லிசா ஒரு சுத்து டேப் போட்டு வைங்க. அளவு நடுவுக்கும் இதுக்கும் ஒரு விரல் அகலத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா லேசான முனைல டேப் சுத்தி சரி பண்ணுங்க, இல்லன்னா கனமான முனைய கொஞ்சம் வெட்டுங்க. பந்து, கிரிப் எல்லாம் மாட்டி முடிச்ச பிறகு இன்னொரு தடவ பாக்கணும், இத நிறைய பேரு மறந்துடறாங்க.

முனைல வெயிட் எதுக்கு? லேசா இருந்தா ஈசியா சுத்தலாம்ல?

எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க, நானும் நெனச்சேன். வெறும் பைப் உண்மையிலேயே கஷ்டம், ஏன்னா அது ரொம்ப வேகமா சுத்திடும், விரல் திறக்கறதுக்குள்ள கம்பு போயிடும். முனைல எடை இருந்தா கம்பு நிதானமா, தானா சுத்தும், உங்க கைக்கு யோசிக்க நேரம் குடுக்கும்.

கணக்கு இதுதான். சுத்தற பொருள்ல ஒரு எடை நடுவுல இருந்து எவ்ளோ தூரமோ, அந்தத் தூரத்தோட வர்க்கத்துக்குத்தான் அது வேலை செய்யும். பாதித் தூரத்துல இருக்கற எடைய முனைக்குத் தள்ளினா நாலு மடங்கு. 200 கிராம் பிவிசி பைப் முழுசும் சேந்து சுத்தறப்ப குடுக்கற கனம், ரெண்டு முனைலயும் 33 கிராம் வெச்சதுக்குத்தான் சமம். ஒரு டென்னிஸ் பந்து 58 கிராம் பக்கம் இருக்கும், ரெண்டு முனைலயும் ஒவ்வொண்ணு மாட்டினா அந்தக் கனம் ரெண்டரை மடங்குக்கு மேல போயிடுது, ஆனா கையில தூக்கறப்ப கூடினது வெறும் 116 கிராம்தான். அதனாலதான் பந்து.

மாட்டறது எப்படின்னா, முனைல மொதல்ல நாற்காலி காலுக்குப் போடற ரப்பர் மூடிய மாட்டுங்க, இல்லன்னா பைப்போட விளிம்பு உள்ள இருந்தே பந்த அறுத்துடும். பந்துல பெருக்கல் குறி மாதிரி ஒன்றரை செண்டி கீறல் போட்டு, கொஞ்சம் சவக்காரத் தண்ணி தடவி அழுத்தித் திருகி ஏத்துங்க, காஞ்ச பிறகு பந்துக்கும் கம்புக்கும் சேத்து டேப் போடுங்க. கீறறப்ப பந்த கையில பிடிக்காதீங்க, கட்டை மேல துணி விரிச்சு அதுல வெச்சுக் கீறுங்க, ரப்பர்ல கத்தி வழுக்கும். மரக் கம்புக்கும் பந்து மாட்டலாம், அது அடிபட்டா வலிக்காம இருக்கறதுக்கு.

பந்துக்குப் பதிலா பைப்புக்குள்ள மணல் ரொப்பிட்டா?

வேணாம். முழுசா ரொப்பினா தாங்க முடியாத கனம் ஆயிடும், பாதி ரொப்பினா மணல் ஓடும், ஓடினா நடுவு மாறும், நீங்க விரல வெச்சு கண்டுபிடிச்ச அந்த எடம் ஒவ்வொரு சுத்துக்கும் வேற எடத்துல இருக்கும். அது மட்டும் இல்ல, சுத்தற வேகத்துல மணல் மொத்தமும் முனைக்குப் போயி மூடிய முட்டும். மூடி தெறிச்சா எதிர்ல நிக்கறவங்க கண்ணுல மணல்.

கிரிப் எது போடறது? எனக்கு கை ரொம்ப வேர்க்கும்.

பேட்மிண்டன் கிரிப் போதும், மெல்லிசு வகை. 22 மில்லி கம்புல ஒரு கிரிப் ஏறக்குறைய 40 செண்டி வரைக்கும் வரும், நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் ஒரு சாண், அவ்ளோ இருந்தா ஆரம்பத்துக்குப் போதும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மேடு விழாம, விளிம்பு லேசா தொடற மாதிரி இழுத்துப் பிடிச்சுச் சுத்துங்க. மேடு விழுந்தா கண்ண மூடிகிட்டே அந்த எடத்த விரல் சொல்லும், கொப்புளமும் அங்கதான் வரும்.

வேர்க்கறவங்களுக்கு டவல் கிரிப் நல்லதுன்னு சொல்வாங்க, ராக்கெட்டுக்கு சரி, ஆனா கம்பு உள்ளங்கைல சுழலணும், டவல் கிரிப் சுழல விடாது. சைக்கிள் டியூப் ரப்பரும் அதே கதைதான், அது கையில உருட்டாம உடம்பு மேல உருட்டறவங்களுக்கு நல்லா இருக்கும். நம்ம புழுக்கத்துக்கு எந்த கிரிப்பும் ஊறும், இடுப்புல ஒரு துண்டு சொருகிக்குங்க.

வலது கைல நல்லா வருது, இடது கைல தட்டுது. கம்புல குறையா என் கைல குறையா?

இதுக்கு கம்பே பதில் சொல்லும். ஒரு முனைல செவப்பு டேப் ஒட்டுங்க. செவப்பு மேல இருக்கற மாதிரி பிடிச்சு பத்து சுத்து சுத்துங்க, அப்பறம் கம்ப தலைகீழா மாத்திப் பிடிச்சு அதே பத்து சுத்து. தட்டறது செவப்பு முனையோடயே போச்சுன்னா கம்புல எடை சமமா இல்ல, நடுவு பத்தின கேள்விக்குத் திரும்பிப் போங்க. எப்படிப் பிடிச்சாலும் இடது கைல தட்டுதுன்னா கைதான், அந்தக் கைக்கு இன்னும் நாள் வேணும், அவ்ளோதான், கவலப்பட ஒண்ணும் இல்ல.

மணிக்கட்டு வலிக்குது, தொடர்ந்து பண்ணலாமா?

வலிச்சா நிறுத்துங்க. பெரும்பாலும் காரணம் இறுக்கிப் பிடிக்கறதுதான், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வளையம் மாதிரி பிடிச்சிருக்க மத்த மூணு விரலும் திறந்து மூடணும். ஒரு தடவைக்கு பத்து நிமிஷம், கை மாத்தி மாத்தி. அப்பவும் வலிச்சா பந்தக் கழட்டிட்டு ஒரு வாரம் சுத்திப் பாருங்க. வீக்கம், மரத்துப் போறது இருந்தா டாக்டருகிட்ட காட்டுங்க.

நான் பிளாட்ல இருக்கேன், ஹால்ல சுத்தலாமா?

ஃபேன் இருக்குல்ல, வேணாம். கம்பு நீளத்துக்கு எல்லாப் பக்கமும், தலைக்கு மேலயும், காலி எடம் வேணும். யூத் பார்க், பாடாங் கோத்தா, உங்க தாமான்ல இருக்கற திடல், எது கிட்டயோ அது. கடலோரம் காத்து அடிக்கறப்ப பந்து மாட்டுன கம்பு தள்ளாடும், ஆரம்பத்துல அங்க வேணாம். தாவரவியல் பூங்கா பக்கம் போனா குரங்குங்க இருக்கு, கம்பப் பாத்தா அதுங்க மெரளும், கிட்ட சுத்தாதீங்க. இடிச் சத்தம் கேட்டுச்சுன்னா மரக் கம்போ அலுமினியமோ, திடல விட்டு உடனே உள்ள போயிடுங்க, செப்டம்பர் அக்டோபர்ல நம்ம பக்கம் மழை எப்படி வரும்னு உங்களுக்கே தெரியும்.

பஸ்ல கொண்டு போறப்ப துணிப் பைல போட்டு செங்குத்தாப் பிடிச்சுக்குங்க. பை தைக்கறதுக்கு பழைய சாரோங் ஒண்ணு போதும்.

என் மகனுக்கு 6 வயசு, அவனுக்கும் ஒண்ணு செஞ்சு குடுக்கலாமா தங்கச்சி?

தாராளமா குடுங்கண்ணே. அரை இன்ச் பிவிசி, அவன் அக்குள் உயரம், உள்ள மரக்குச்சி வேணாம், ஆட்டம் இருந்தா இருக்கட்டும். ஏர்கோன் பைப்பு மேல போடற கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்கு பாருங்க, அத ரெண்டு முனைலயும் ஒரு சாண் மாட்டி டேப் போடுங்க, டென்னிஸ் பந்து அவனுக்குக் கனம். வளர வளர வேற வெட்டணும், அதையும் அவனையே அளக்கச் சொல்லுங்க.

ரெண்டு முனைலயும் நெருப்பு வெச்சு சுத்தறாங்களே, இதுல பண்ணலாமா?

இந்தக் கம்புல பண்ணவே கூடாது. பிவிசி 80 டிகிரி பக்கம் போனாலே இளகும், எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அது தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். பந்து, ஸ்பாஞ்ச், டேப், கிரிப், எல்லாமே தீப்பிடிக்கற சாமான். நெருப்புக் கம்பு வேற மாதிரி கட்டறது, உலோகக் குழாய்ல கெவ்லார்ங்கற சூடு தாங்கற நார்த் திரி சுத்தி திருகி வெச்சிருப்பாங்க, பக்கத்துல ஈரத் துணியோட ஒருத்தரு நிப்பாரு. அத படிச்சுக் கத்துக்கறது இல்ல, செய்றவங்களோட பல மாசம் நின்னு கத்துக்கறது.

கார்லயே வெச்சுட்டுப் போனா என்ன ஆகும்?

பிவிசின்னா வளைஞ்சு போயிருக்கும், சூட்டுல இளகும்னு மேல நெருப்புக் கேள்வில சொன்னதுதான் காரணம். வெயில்ல நிக்கற கார்ல முழுசா இளகற அளவு சூடு வராட்டியும், ரெண்டு முனை மட்டும் சீட்டுல முட்டிகிட்டு இருந்தா நடுவு தொங்கிடும். மரக் கம்பு ஈரத்தோட கார்ல கெடந்தா கறுப்பா பூஞ்சை பிடிக்கும். வீட்டுல படுக்க வைங்க, சுவத்துல சாய்ச்சு வெச்சா அதுவும் நாளடைவுல வளையும்.

ஒரு வருஷமா அதே மரக் கம்பு. எப்ப மாத்தணும்னு எப்படி தெரியும்?

மாசம் ஒரு தடவ கிரிப்பையும் டேப்பையும் கழட்டிட்டு பாருங்க, விரிசல் பெரும்பாலும் டேப்புக்கு அடியிலதான் ஒளிஞ்சிருக்கும். கொஞ்சம் பஞ்சு எடுத்து கம்பு முழுக்க மெதுவா இழுத்துகிட்டு போங்க, கண்ணுக்குத் தெரியாத சிம்புல கூட பஞ்சு மாட்டி நூல் நூலா நிக்கும். நார் ஓடற பக்கமா லேசா மாட்டினா உப்புத்தாள் போட்டு எண்ணெய் தடவி திரும்ப பாவிக்கலாம். கம்புக்குக் குறுக்க ஒரு கோடு மாதிரி வரிசையா மாட்டிச்சுன்னா அந்த எடத்துல ஒடையப் போகுது, அன்னிக்கே நிறுத்திடுங்க. நல்லா இருக்கற பாதிய வெட்டி எடுத்து வைங்க, அடுத்த தடவ பந்து கீறறதுக்கு அடிக் கட்டை தேடிகிட்டு இருக்க வேணாம்.